இறங்குகிறவளுக்கு ஒரு பாட்டு

பாட்டை எப்படி அனுப்புவது? அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போகும்போது அதே நினைப்பு. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அதே நினைப்பு. காலண்டர் முருகனுக்கு வேல் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், காகித ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானை வரைந்துகொண்டிருப்பேன். பொத்தானுக்குள் ஒரு காது, காதுக்குள் ஒரு சுழி. அதை அழுத்தினால் என் போனில் இருக்கும் பாட்டு இன்னொருத்தி போனில் போய்ப் பாட வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் அத்தனை பாடும்.

எல்லார் கையிலும் போன் வந்துவிட்ட, ஆனால் கண்ணாடியைத் தடவுகிற போன் இன்னும் எங்கள் பக்கம் வராத வருஷங்கள் அவை. எண் பொத்தான்கள் கட்டைவிரல் பட்டுப் பட்டு வெளுத்திருக்கும். கடையில் கொடுத்தால் நகத்தளவு கார்டில் நூறு பாட்டு ஏற்றித் தருவார்கள். பாட்டு வைத்திருப்பவள் பக்கத்தில் போனோடு போன் உரச உட்கார்ந்தால் ப்ளூடூத்தில் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இல்லாதவளுக்கு? அங்கேதான் நான் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் டிசைனராக இருந்தேன். கீழே ஆப்செட் மெஷின், மேலே எங்கள் அறை. மெஷின் ஓடினால் மேலே மானிட்டர் நடுங்கும், டம்ளரில் தண்ணீர் வட்டம் போடும், திரையில் நான் வரைகிற காலண்டர் லட்சுமியின் கண்ணிமை துடிக்கும். அந்த அறையின் ஒரு மூலையை முதலாளியின் இரண்டாவது மருமகள் கேட்டு வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். என் வயதுதான், ஆனாலும் முதலாளி வீட்டுப் பெண் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளும், காரியாபட்டியிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு புரோகிராமர் தம்பியும் சேர்ந்து ஒன்றைச் செய்திருந்தார்கள். போனிலிருந்து போனுக்குச் செய்தி அனுப்பலாம், நாலு பேர் கூட்டமாகக் கூடிப் பேசலாம். இன்றைக்குச் செயலி என்கிறார்கள். நாங்கள் சாப்ட்வேர் என்றோம். சர்வர் என்று மரியாதையோடு நாங்கள் அழைத்தது மேசைக்கடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்.

தமிழ் எழுத்தே தெரியாத போன்கள் அவை. அதனால் என்னை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்தேன். ‘ணை’ எழுத மூன்று நாள் ஆனது. காலண்டருக்குச் சம்பளம் வாங்குகிற நேரத்தில் பாதியை இதற்குத் திருடினேன் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

செய்தி மட்டும் போதாது, பாட்டும் போக வேண்டும் என்று சொன்னது அக்கா. அந்த வைகாசியில் அவள் மாமனார் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, விரலில் மசி. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“ஏம்மா, இது எம்புட்டு நாளைக்கு?”

“பாட்டு அனுப்புறத முடிச்சிட்டா எல்லாரும் வந்துருவாங்க மாமா.”

“எல்லாரும்னா?”

அவரே சொன்னார். “ஆடிப்பெருக்கு அன்னைக்குப் புதுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூசை. அன்னையிலருந்து சீசன். இந்த ரூமு பூரா எனக்குப் பண்டல் அடுக்க வேணும். அதுக்குள்ள ஒருநாள், ஒரே நாள், நாப்பது பேரு தானா இதத் தொட்டுப் பாட்டு அனுப்பினாகன்னு காட்டு. ரூமும் ஒனக்கு, வேலையும் ஒனக்கு. இல்லன்னா வீட்டுல அத்தைக்குத் தொணையா இரு.”

“பிரஸ்ல வேலை பாக்குறவங்களே அறுபது பேரு இருக்காங்களே மாமா?”

“எங்கிட்ட சம்பளம் வாங்குறவன் எனக்காக அமுக்குவான். அவனை எண்ணாத.”

அவர் இறங்கிப் போன பிறகு அக்கா வெகுநேரம் கீபோர்டின் எஃப் பொத்தான்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். “வீட்டுக்குப் போனேன்னு வையி, அப்புறம் எறங்கி வரவே முடியாதுடி” என்றாள். அந்த வீட்டின் சமையலறை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன்.

முதல் வடிவத்தை நாங்கள் பதினோரு நாளில் செய்தோம். எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! முழுப்பாட்டு அந்தக் காலத்து இணையத்தில் போகாது என்பதால் பாட்டிலிருந்து அரை நிமிடத் துண்டு வெட்டினோம். அனுப்பியதும் எதிராளியின் போனில் என் காதுப் பொத்தான் துடிக்கும். “கேட்கிறீர்களா?” என்று கேட்கும். பத்து நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் துண்டு கலைந்துவிடும். மேசைக்கடியில் இருந்த கிழட்டு சர்வருக்கு இடமில்லை, அதனால்தான் பத்து நிமிடம். ஆனால் நான் அதற்கு வேறு அர்த்தம் கற்பித்துக்கொண்டேன். மத்தாப்பு மாதிரி, கொளுத்தினால் உடனே பார்த்துவிட வேண்டும். பாட்டும் அப்படி எரிந்து போகட்டும்! எனக்குக் கண்ணெல்லாம் கலங்கியது. கீழே மெஷின்மேன்களிடம் கொடுத்துப் பார்த்தோம். அச்சு மையோடு கட்டைவிரலை வைத்து வைத்து அழுத்தினார்கள், சிரித்தார்கள், திரும்ப அனுப்பினார்கள். பறந்தது.

நாற்பது பேருக்கு எங்கே போவது? என் மதினி, அண்ணன் மனைவி, பட்டாசுக் கம்பெனி வேனில் போகிறவள். அவள் வேனில் இருபத்திரண்டு பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் அத்தனை பேர் போனிலும் சாப்ட்வேரை ஏற்றிவிட்டேன். அந்த இருபத்திரண்டை வைத்துத் தொடங்கினால் நாற்பதைத் தொட்டுவிடலாம் என்று கணக்கு.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அனுப்பு என்றாள். இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு பாட்டு. யாராவது அழுத்தினால் பெயர் விழ வேண்டிய சர்வரின் கறுப்புத் திரையையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம். ஒன்றும் துடிக்கவில்லை. பதினோரு மணிக்கு மறுபடி. பன்னிரண்டுக்கு மறுபடி. தம்பி சர்வரை அணைத்துப் போட்டான், காலால் ஒரு தட்டுத் தட்டினான். மூன்று மணிக்கு அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“யாருக்கும் வேண்டாம்டி. அதான் நெசம்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மதினி அடுப்படியில் கருவாடு அலசிக்கொண்டிருந்தாள். காதோரம் இன்னும் அலுமினியப் பொடி மினுங்கியது.

“என்ன மதினி, இருபத்திரண்டு பேருல ஒருத்தி கூடவா அமுக்க மாட்டீக? காலையிலருந்து அனுப்பிக்கிட்டே இருக்கேன்.”

அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கருவாட்டுச் சட்டி ஆடுமளவு சிரிப்பு.

“ஏட்டி, மருந்து இடிக்கிற ரூமுக்குள்ள போனத் தூக்கிட்டுப் போனா பாட்டா கேக்கும்? சங்குதான் ஊதுவாக! பீடி, தீப்பெட்டி, போனு, மூணும் கேட்டுக்கு உள்ள வராது. காலையில வாட்ச்மேன்ட்ட அணைச்சுக் குடுத்தா சாயந்தரம் அஞ்சரைக்குத்தான் கையில வாங்குவோம். நீ இந்த வீட்டுலதான இருக்க?”

அந்த வீட்டில்தான் இருந்தேன். ஏழு வருஷமாக இருந்தேன். பகலில் அவளுக்குப் போன் போட்டால் அணைந்திருக்கும் என்பது என் விரலுக்குத் தெரியும். அவசரம் என்றால் கம்பெனி ஆபீஸுக்குப் போட்டு வாட்ச்மேனைக் கூப்பிடுவேன். அப்படியிருந்தும் மெஷின்மேன்களின் மசி விரல்களைப் பார்த்துப் பார்த்து, ஊரே பகலெல்லாம் போனும் கையுமாக இருக்கிறது என்று வடிவமைத்துவிட்டேன். சிவகாசியில் உட்கார்ந்துகொண்டு, பத்து நிமிடத்தில் கலைகிற பாட்டை, பத்து மணி நேரம் அணைந்து கிடக்கிற போன்களுக்கு அனுப்பியவள் நான். வெட்கத்தில் காது சுட்டது. அந்தச் சூட்டுக்குள்ளேயே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு குதியாட்டம். யாருக்கும் வேண்டாம் என்பது பொய்!

“நாளைக்கு ஒங்க வேன்ல நானும் வாரேன் மதினி.”

“வா. ஆனா மடியிலதான் உக்காரணும்.”

மறுநாள் ஐந்து மணிக்கே கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேனின் கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய மர அடுக்கு. பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகள் போட்டுவைக்கிற கேஸ் அது, எந்த ஏலத்தில் வாங்கினார்களோ. ‘அ’வும் ‘க’வும் கிடந்த கட்டங்களில் இப்போது போன்கள் ஒவ்வொன்றாகத் தூங்கின. ஒன்றுக்குப் பூப்போட்ட துணி உறை, ஒன்றுக்கு ரப்பர் பேண்டு, ஒன்றில் சாமி படம். ஐந்தரைக்கு மணி அடித்தது. பெண்கள் கைகழுவிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கழுவியும் முழங்கை வரை வெள்ளிப் பொடி. போனை வாங்கியதும் எல்லோரும் செய்த முதல் காரியம் அதை உயிர்ப்பித்ததுதான். ஒன்று கிணுங், இன்னொன்று டிரிரிங், ஒன்று யாரோ வணக்கம் சொல்வதுபோல. இருபத்திரண்டு போன்களும் அந்தக் கரிசல் வெயிலில் முன்பின்னாகக் கண் விழித்தன. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்த ஊரின் காலை ஐந்தரை மணி சாயங்காலத்தில் இருக்கிறது!

வேன் கிளம்பியது. நான் மதினி மடியில் பாதி, ஜன்னல் கம்பியில் பாதி. வண்டி மெயின் ரோட்டைத் தொடுவதற்குள், பெரிய ஸ்பீக்கர் வைத்த ஒரு போனை எடுத்துக் காலித் தூக்குவாளிக்குள் நிறுத்தினார்கள். வாளி பாட ஆரம்பித்தால் வேன் முழுக்க அதிரும் என்றாள் மதினி.

“எவடி இன்னைக்கு மொதல்ல எறங்குறது?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

“ரயில்வே கேட்டுக்காரி.”

“அவ மகன் கணக்குல பெயிலுன்னு அழுதாளே. தாலாட்டு ஒண்ணு போடுங்கடி, இன்னும் நல்லாத் தூங்கட்டும் அவன்.”

வேன் குலுங்கியது. ரயில்வே கேட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். “ஆமா, ஒங்க மக்க எல்லாம் கலெக்டராயிட்டாக. போட்டுத் தொலைங்க.”

தாலாட்டு ஓடியது. அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. பாட்டு முடிகிற இடத்தில் ரயில்வே கேட் வந்தது. அல்லது ரயில்வே கேட் வருகிற இடத்தில் பாட்டு முடிந்தது.

“அதெப்பிடிண்ணே?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“பாட்டு முடியாம பிரேக் போட்டா கண்டபடி ஏசுவாக. அதான் வேப்பமரத்துக்கிட்டயே செகண்ட் கியருக்கு வந்துருவேன்.”

மதினி விளக்கினாள். அந்த வேனில் யாரும் தன் பாட்டைத் தானே போட்டுக்கொள்ள முடியாது. இறங்கப் போகிறவளுக்கு மற்றவர்கள் போடுவார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துக்கொண்டே, இன்றைக்கு இவளுக்கு எது என்று ஒவ்வொருத்தியும் மனசில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பாள். “நமக்கு நாமளே போட்டுக்கிட்டா அது ரேடியோல்லா?” என்றாள்.

சர்ச் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் முன் சீட்டில் யாரோடும் பேசாமல் இருந்தாள். காலையில் ஜன்னலோரத்துக்காக மதினிக்கும் அவளுக்கும் சண்டையாம். அவள் முறை வந்தபோது மதினி தன் போனை எடுத்துத் தூக்குவாளிக்குள் வைத்தாள். கோயில் கொடையில் பதிந்த மேளம், பாட்டே இல்லை, வெறும் நையாண்டி மேளம். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். அவள் திரும்பவே இல்லை. வேன் நின்றது. ஒரு காலைக் கீழே வைத்துவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு நான் செத்த பிந்தித்தான் வருவேன். எடம் போட்டு வையி.”

நான் மதினி மடியில் உட்கார்ந்திருந்ததால் அவள் மூச்சு இறங்கியது எனக்குத் தெரிந்தது. நான் பதினோரு நாள் மண்டையைப் போட்டு உடைத்த காரியத்தை இவர்கள் ஒரு தூக்குவாளியில் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை அறைக்குள் நுழைந்தபோது நான் பேசிய வேகத்தில் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். பாழான காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு வரைந்தேன். பத்து நிமிடம் கிடையாது. கலையவே கூடாது. காத்திருக்கட்டும். சாயங்காலம் போன் விழிக்கிற வரை பாட்டு வாசலில் காத்திருக்கட்டும்.

“எங்கன காத்திருக்கும்? சர்வர்ல எடம் இல்லக்கா. அரை நிமிசத் துண்டுக்கே அது மூச்சு முட்டுது.”

“பாட்டு போகவே வேண்டாம் தம்பி. சீட்டு மட்டும் போகட்டும். பாட்டுப் பேரு, யாருக்குன்னு, கூட ஒரு வரி. பாட்டு எப்படியும் அந்த வேனுக்குள்ள எவ கார்டுலயாவது கெடக்கும். எவகிட்ட இருக்குன்னு மட்டும் இது சொல்லணும். இல்லாதவ பக்கத்துல உக்காந்து ப்ளூடூத்துல வாங்கிக்கிடுவா.”

தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். முகட்டைப் பார்த்தான். “சீட்டு ஒரு எஸ்எம்எஸ் கனம்கூட இருக்காது” என்று மெதுவாகச் சொன்னான். பிறகு சத்தமாகச் சொன்னான். அக்கா என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி ‘குழு’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘வேன்’ என்று எழுதினாள்.

“எறங்குற வரிசையில சீட்டு வரணும்” என்றாள். “தனக்குத் தானே போட முடியாது. இத மட்டும் எவன் கேட்டாலும் மாத்தக் கூடாது.”

அடுத்த இரண்டு வாரங்கள் எனக்கு ஒரே பகலாக நினைவில் இருக்கின்றன. தட்டுத் தட்டாகப் பரோட்டா. கீழே மெஷின் ஓட, மேலே நாங்கள் மூவரும் ஓட, திரையில் எழுத்துகள் நடுங்க. சீட்டோடு போகிற ஒரு வரிக்கு நான் முதலில் எழுதி வைத்திருந்ததை மதினியிடம் படித்துக் காட்டினேன். ‘இந்தப் பாடல் தங்களுக்காக.’ ‘இனிய மாலை வணக்கம்.’

“யாரு செத்துப் போனா?” என்று கேட்டாள்.

கிழித்துப் போட்டுவிட்டு வேனில் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே பொறுக்கியதையே எழுதினேன். ‘கோவம் போச்சா?’ ‘இன்னைக்கு நீ ஏன் பேசல?’ ‘சோறு குடுத்ததுக்கு.’ ‘நாளைக்கு எடம் போட்டு வையி.’ எண் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் ஒரு வரி போகும். காதுப் பொத்தானை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் ஒரு தூக்குவாளி வரைந்தேன், பதினாறு புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம். நான் வரைந்த எந்த லட்சுமியும் அவ்வளவு லட்சணமாக வந்ததில்லை.

ஆடி பிறந்து வேனில் ஏற்றினோம். முதல் நாள் சாயங்காலம் பதினாறு பேரிடமிருந்து சீட்டு. அடுத்த நாள் பத்தொன்பது. வீட்டில் இருக்கிற புருஷன்மார் மதியமே சீட்டுப் போட்டு வைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தருக்கு மனைவியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராதாம், ‘கோவம் போச்சா?’வை ஏழு தடவை அமுக்கியிருந்தார், அவரை ஒரே ஆளாகத்தான் எண்ணினோம். இருபத்தைந்து. இருபத்தேழு. அதற்குமேல் நகரவில்லை. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் முப்பத்தொன்று. அக்கா எண்ணைச் சொல்லிவிட்டுத் திரையைத் துடைத்தாள், தூசியே இல்லாத திரையை.

ஆடிப்பெருக்கு. கீழே புது ஆல்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். ஏஜெண்டுகள் வந்து குவிந்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

“எத்தனை?”

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தத் திரையைப் படிக்கத் தெரியாது. அக்கா நிமிர்ந்து சொன்னாள். “முப்பத்தொண்ணு மாமா.”

“அப்ப சரி. ஏலே, பண்டல மேல ஏத்துங்க.”

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. “மொதலாளி, இன்னைக்கு நாளு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. போனு எல்லாம் கேட்டுல கெடக்கு. அஞ்சரைக்குத்தான் முழிக்கும். தீவாளி வருதுல்லா, பட்டாசுக் கம்பெனி எதுக்கும் இன்னைக்கு லீவு கெடையாது.”

அவர் என்னைப் பார்த்தார். ஏஜெண்டுகளைப் பார்த்தார். “ஆறரை வரைக்கும்” என்றார். “பண்டல் ஏறுறது ஏறட்டும்.”

ஏறியது. மத்தியானத்திலிருந்து காலண்டர் அட்டைப் பண்டல்கள் படியில் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. எங்கள் வாசல் வரை வந்து நின்றன. நாங்கள் மூவரும் அதற்குள்ளே, முற்றுகையிட்ட கோட்டைக்குள் போல. அக்கா சாப்பிடவில்லை. தம்பி நகத்தைத் தின்றான்.

ஐந்தரை. திரை கறுப்பாகவே இருந்தது.

ஐந்து முப்பத்தெட்டு. ஒன்று. மதினிதான், நிச்சயம். இரண்டு. மூன்று, நான்கு, ஐந்து ஒன்றாக. எங்கள் வேன் விழித்துவிட்டது. பதினெட்டு. இருபத்தொன்று. வீட்டுக்காரர்கள் மதியம் போட்டுக் காத்திருந்த சீட்டுகளும் இப்போதுதான் போய்ச் சேர்ந்து முப்பது. முப்பத்து மூன்று. அங்கே நின்றது. ஆறு மணி. படியில் செருப்புச் சத்தம், முதலாளி.

“என்னாச்சு?”

யாரும் பதில் சொல்வதற்குள் திரையில் ஒரு வரி விழுந்தது. ‘நீலக்கலர் வேன்.’ அதன் கீழே ஒரு பெயர். இன்னொரு பெயர். மளமளவென்று ஒன்பது பெயர்கள். அடுத்து ‘தீப்பெட்டி வேன் சின்னது.’ அதில் ஆறு. அடுத்து ‘பஸ்ஸுல போறவுக.’

“நீலக்கலர் வேனா? அது எந்தக் கம்பெனி?” என்றார் முதலாளி.

“தெரியல மாமா.”

“தெரியலயா? நீதான ஏத்திவிட்ட?”

“சத்தியமா தெரியல மாமா!” அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். தெரியவில்லை என்று சொல்லும்போது ஒரு முகம் இப்படி ஒளிரும் என்று நான் அதுவரை அறியேன். பாட்டை உரசிக் கொடுப்பதுபோலச் சாப்ட்வேரையும் ப்ளூடூத்தில் கொடுத்திருக்கிறார்கள், பஸ் ஸ்டாப்பில், சந்தையில், தங்கச்சிக்கு, தங்கச்சி வேனுக்கு. நாங்கள் செய்யாத வேன்கள், நாங்கள் பார்க்காத கைகள். ஐம்பத்தொன்று. ஐம்பத்தெட்டு.

முதலாளி வெளியே எட்டிப் பார்த்து, “பண்டல படியிலயே வைங்கலே, உள்ள கொண்டாராதீக” என்றார். அக்கா அழுதாள் என்று சொல்லலாம், ஆனால் அதற்கு நேரமில்லை.

ஏனென்றால் நீலக்கலர் வேனிலிருந்து ஒரு சீட்டு சிவப்பாக நின்றது. எந்தக் கார்டிலும் இல்லாத பாட்டு என்றால் சிவப்பு. ஏதோ ஊர்க் கும்மிப்பாட்டு. கூட வந்த வரி நான் எழுதி வைத்தது அல்ல, அவளே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுத்தடுமாறி அடித்தது. ‘நாளைக்கு வரமாட்டா, கல்யாணம்.’ கடைசியாக வேனில் இறங்கப் போகிறவளுக்கு.

“வண்டி ஓடிக்கிட்டிருக்கும்க்கா” என்றான் தம்பி. “இன்னும் பத்து நிமிசத்துல எறங்கிருவா.”

நாங்கள் பண்டல்களைத் தாண்டிக் குதித்துப் படியிறங்கினோம். “கும்மிப்பாட்டு யாருட்ட இருக்கு? கும்மிப்பாட்டு!” மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொருவர் காதிலும் போய்க் கத்தினாள். முதலாளியின் மருமகள் கத்துகிறாள் என்று ஏஜெண்டுகள் ஆல்பத்தை மூடிவிட்டுப் பார்த்தார்கள். கட்டிங் மெஷின்காரர் சட்டைப் பையைத் துழாவினார். அவர் பெண்டாட்டி ஊர்க் கொடையில் பாடியதாம், கார்டில் இருக்கிறதாம்.

இருக்கிறது, சரி. ஓடுகிற வேனுக்கு அதை எப்படி அனுப்ப? எங்கள் சாப்ட்வேரில் வழியே இல்லை. அக்கா ஒரு கணம்தான் நின்றாள். பிறகு மேலே ஓடித் திரையிலிருந்து சீட்டுப் போட்டவளின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, சும்மா, சாதாரணமாக, போன் போட்டாள்.

“யாரு?” என்றது ஒரு குரல். பின்னால் வேன் இரைச்சல்.

“நீங்க கேட்ட கும்மி இங்கன இருக்கு. போன ஸ்பீக்கர்ல போடுங்க.”

“என்னது? ஒண்ணும் கேக்கல! எங்கன இருந்து பேசுறீக?”

கட்டிங் மெஷின்காரர் தன் போனை அக்காவின் போனுக்கு முகத்தோடு முகம் வைத்துப் பிடித்தார். பாட்டு ஓடியது. ஆப்செட் மெஷின் அதன்மேல் ஏறி ஓடியது. “மெஷினு சத்தந்தான் கேக்குது!” என்றது குரல்.

முதலாளி படியின் கடைசிப் படியில் நின்றிருந்தார். சீசனின் முதல் நாள், முதல் ஆர்டர், ஏஜெண்டுகள் முன்னால்.

“மெஷின நிறுத்துலே!”

மெஷின்மேனுக்குப் புரியவில்லை. “மொதலாளி?”

“நிறுத்துன்னா நிறுத்து!”

மெஷின் இளைத்து இளைத்து நின்றது. அந்தக் கட்டடத்தில் நான் அதுவரை கேட்டிராத ஓர் அமைதி வந்தது. அதில் ஒரு பெண்ணின் குரலும் பத்துப் பேர் கைதட்டும் கும்மியும் சின்னதாக, தெளிவாக எழும்பின. போனின் அந்தப் பக்கமும் கைதட்டல் தொடங்கியது. முதலில் இரண்டு பேர், பிறகு வேனே தட்டியது. யாரோ அழுதார்கள், யாரோ அவளை ஏசினார்கள்.

மெஷின்மேன் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். முதலாளி அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

“எறங்கிட்டாளா?” என்று அக்கா போனில் கேட்டாள்.

“இன்னும் இல்ல” என்றது குரல். “வண்டி நின்னுதான் கெடக்கு. பாட்டு முடியட்டும்.”